வேலை பார்த்துக்கொண்டே கதை கேட்பது: தையல் மிஷின் பக்கத்தில் வந்த கேள்விகள்

மதுரை செல்லூரில் வீட்டு முன்னறையில் ரவிக்கை தைக்கிறேன். நாலு வருடமாக மிஷின் ஓடும்போதெல்லாம் ஒரு காதில் கதையும் ஓடுகிறது. அளவு கொடுக்க வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்கக்கா" என்று போனை நீட்டுவார்கள். அடுத்த வாரம் ரவிக்கை வாங்க வரும்போது கூடவே ஒரு சந்தேகமும் வரும். ஆள் மாறும், சந்தேகம் மாறாது. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

"காதுல ஓடுறது என்னக்கா, பாட்டா? ரேடியோ நாடகமா?"

ஆடியோபுக். எழுத்தில் ஒலிநூல் என்கிறார்கள். எங்கள் தெருவில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. ஒருவர் ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்துப் பதிவு செய்திருப்பார். நாடகம் என்றால் ஆளுக்கொரு குரல், கதவு திறக்கிற சத்தம், குதிரைக் குளம்படி எல்லாம் வரும். இரண்டுக்கும் நடுவே, பல குரலும் இசையும் சேர்த்து நாவலை வாசிக்கிற வகையும் உண்டு.

"ரெண்டு வேலை ஒண்ணாப் பார்த்தா ரெண்டும் உருப்படாதுன்னு எங்க அத்தை வையிறாங்களே?"

அத்தை சொல்வதில் பாதி சரி. கணக்குப் போடுவது, வாட்ஸ்அப் படிப்பது, இன்னொருவரோடு பேசுவது எல்லாம் சொல்லால் ஆன வேலைகள். கதையும் சொல்லால் ஆனது. இரண்டும் ஒரே வாசலில் நுழையப் பார்த்தால் ஒன்று வெளியேதான் நிற்கும். பாத்திரம் தேய்ப்பது, துணி மடிப்பது, ஓரம் அடிப்பது மாதிரிப் பழகிய வேலைகளில் கை தன்பாட்டுக்கு ஓடும், காது சும்மா இருக்கும்.

பாதி சரி என்றேனே, அதற்கு நானே சாட்சி. பச்சைப் பட்டில் ஒரு ரவிக்கை. கை வெட்டுகிற நேரம் பார்த்துக் கதையில் கிணற்றுக்குள் பிணம் மிதந்தது. துணியைத் திருப்பிப் போடாமல் வெட்டிவிட்டேன். எடுத்துப் பார்த்தால் இரண்டும் இடது கை! அதே பச்சையில் துணி தேடி விளக்குத்தூண் பக்கம் மூன்று கடை ஏறி இறங்கினேன். அன்றிலிருந்து கத்தரியோ அளவுநாடாவோ கையில் இருந்தால் காதில் எதுவும் இருக்காது.

"அப்ப எந்த வேலைக்கு எதைக் கேட்கிறது?"

என் வழக்கம் இதுதான்: கை பழகிய வேலைக்குப் புதுக் கதை, கை பழகாத வேலைக்கு ஏற்கெனவே கேட்ட கதை. சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பதும் கொக்கி தைப்பதும் எனக்குத் தூக்கத்திலும் வரும். அப்போது புது நாவல் ஓடலாம். புதிதாக ஒரு கழுத்து டிசைன் கேட்டிருந்தால், முடிவு தெரிந்த கதையைத்தான் போடுவேன்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பழகிய வேலைதான், ஆனால் எண்ண வேண்டியிருக்கும். முந்தானைக் குஞ்சம் எனக்கு நன்றாகவே பழக்கம். ஆனால் நூலை எண்ணிப் பிரித்துத்தான் முடிச்சுப் போட வேண்டும். "பதினொண்ணு, பன்னெண்டு" என்று மனசுக்குள் சொல்லும்போது கதையில் அரைப் பக்கம் காணாமல் போகும். எதிர்வீட்டில் மல்லிகை கட்டுகிற மதினிக்கு இந்தத் தொல்லை இல்லை. இந்தப் பக்கம் ரெண்டு பூ, அந்தப் பக்கம் ரெண்டு பூ, ஒரு சுருக்கு, விரலே பார்த்துக்கொள்கிறது. ஒரு நாவலை மூன்றே நாளில் முடித்துவிட்டு என்னிடம் அடுத்தது கேட்கிறார். முழம் போடும்போது மட்டும் நிறுத்திவிடுவாராம்.

சமையலில் தாளிக்கும்போது மட்டும் கதை வேண்டாம். கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, மாவு அரைப்பதற்கு நடுவில் காத்திருப்பது, இதெல்லாம் கதைக்கென்றே படைத்த வேலைகள்.

"எளிசான கதைன்னா சின்னப்பிள்ளைங்க கதையா?"

இல்லை. கண்ணுக்கு எளிது வேறு, காதுக்கு எளிது வேறு. படிக்கும்போது குழப்பம் வந்தால் இரண்டு பக்கம் பின்னால் புரட்டலாம். சோப்புக் கையோடு போனை எங்கே புரட்டுவது? அதனால் ஆட்கள் குறைவாக, காலம் நேராக, பேச்சு நிறைய இருக்கிற கதைதான் காதுக்கு எளிது. 'நான்' என்று ஒருவரே சொல்லிக்கொண்டு போகிற கதை இன்னும் நல்லது. யார் கதை இது என்று தேட வேண்டியதே இல்லை.

பெயர்களைக் கவனியுங்கள். சுந்தரம், சுந்தரி, சுந்தரேசன் மூவரும் ஒரே வீட்டில் இருந்தால் மிஷின் சத்தத்தில் மூவரும் ஒருவராகிவிடுவார்கள். இன்னொரு சங்கடம், நம் மொழியில் ஒருவர் பேசி முடித்த பிறகுதான் பல நேரம் பேசியது யார் என்று வரும். நீளமாக வசனம் ஓடும், கடைசியில்தான் "என்றார் பெரியவர்". ஆனால் அதே மொழி ஒரு உதவியும் செய்கிறது. பெயரைத் தவறவிட்டாலும் என்றான், என்றாள், என்றார் என்கிற வால் காதில் விழுந்தால் ஆளைப் பிடித்துவிடலாம். ஒரு பையன், ஒரு பெண், ஒரு பெரியவர் என்று அமைந்த கதைகள் காதுக்குச் சுகமாக இருப்பது இதனால்தான். நான்கு நண்பர்கள் ஒரே அறையில் தங்கியிருக்கிற கதையில் எல்லாமே 'என்றான்'. தலை சுற்றும்.

"பொன்னியின் செல்வன்ல ஆரம்பிக்கலாமா? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

பத்துப் பேர் கேட்டால் எட்டுப் பேர் கேட்பது இதைத்தான். 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்த கதை. வாராவாரம் வாசகரைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்ததால் அத்தியாயங்கள் சின்னதாக இருக்கும், முடிவில் ஒரு கொக்கி இருக்கும். காதுக்கு இது பெரிய வரம். ஒரு அத்தியாயத்துக்கு ஒரு ரவிக்கையின் கொக்கி வேலை முடியும்.

சிக்கல், ஆட்களின் எண்ணிக்கை. ஐந்து பாகம், மன்னர், இளவரசர், சிற்றரசர், ஒற்றர் என்று வந்துகொண்டே இருப்பார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பெயர். அருள்மொழிவர்மன்தான் பொன்னியின் செல்வன் என்பதே புதிதாகக் கேட்கிறவருக்கு ஒரு முடிச்சு. 2022, 2023இல் வந்த இரண்டு படங்களையும் பார்த்திருந்தால் தாராளமாக ஆரம்பியுங்கள். முகங்கள் மனதில் இருக்கும், அது பாதிக் கேட்ட கதை மாதிரி. படம் பார்க்கவில்லையென்றால் இதை மூன்றாவது நாலாவது கதையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்றாலும் மாதக்கணக்கில் ஓடும், அவசரமில்லை.

"அப்ப முதல்ல எதைத்தான் போட?"

சிறுகதை அல்லது துண்டு துண்டாக முடிகிற தொடர். தேவனின் துப்பறியும் சாம்பு எனக்குக் கைகொடுத்தது. சாம்பு ஒரு அசடு; தப்புத் தப்பாக ஏதாவது செய்து, அதனாலேயே குற்றவாளியைப் பிடித்துவிடுவார். பெரும்பாலும் அந்தந்தக் கதை அதிலேயே முடியும். ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம்.

மாத நாவல் பிடிக்குமென்றால் ஒரு எச்சரிக்கை. ஒரு அத்தியாயம் கோயம்புத்தூரில் ஒரு ஜோடி, அடுத்த அத்தியாயம் சென்னையில் வேறு ஜோடி, கடைசியில் இரண்டும் சேரும், இப்படி இரட்டைத் தடத்தில் ஓடுகிற துப்பறியும் கதைகள் அவற்றில் நிறைய. முதல் அரை மணி நேரம் வேலையில்லாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டு, இரண்டு தடமும் பிடிபட்ட பிறகு மிஷினுக்குப் போங்கள். பேய்க் கதையைப் பகலில் கேளுங்கள், ராத்திரி தனியாக இருக்கும்போது வேண்டாம். பட்டுச் சொல்கிறேன்.

"கதை நல்லாருக்கு, ஆனா வாசிக்கிறவர் குரல் ஒட்டவே மாட்டேங்குது. பொறுத்துக்கிட்டுக் கேட்கவா?"

வேண்டாம். காகிதப் புத்தகத்தில் எழுத்தாளர் ஒருவர்தான். இதில் இரண்டு பேர், எழுதினவரும் வாசிக்கிறவரும். வாசிப்பு மோசமானால் நல்ல கதையும் கெட்டுப்போகும். முதல் ஐந்து நிமிடத்தை மிஷினை ஓடவிட்டே கேட்டுப் பாருங்கள். அமைதியான அறையில் நன்றாக இருக்கிற குரல் வேலை நடுவில் தேறாமல் போகலாம். வால், வாள், வாழ் மூன்றும் வேறு வேறாகக் காதில் விழுகிறதா? இரண்டு பேர் பேசும்போது குரலில் சின்ன வித்தியாசமாவது காட்டுகிறாரா? இது போதும், நடிப்பெல்லாம் தேவையில்லை.

பின்னணி இசை போட்ட பதிவுகளை நான் தொடுவதில்லை. மிஷின் சத்தம், இசை, குரல் மூன்றும் கலந்தால் முதலில் அடிபடுவது குரல்தான். உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு அது பிடிக்கலாம்.

பழைய கதைகளுக்கு ஒரு வசதி உண்டு. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. யார் வேண்டுமானாலும் வாசித்துப் போடலாம். அதனால் ஒரே கதைக்குப் பல குரல்கள் கிடைக்கும். ஒன்று ஒட்டவில்லை என்றால் அடுத்ததுக்குப் போங்கள்.

"வேகத்தைக் கூட்டி வச்சா சீக்கிரம் முடியும்ல?"

முடியும். பத்து மணி நேரக் கதையை 1.25இல் போட்டால் எட்டு மணி நேரம், 1.5இல் ஆறு மணி நாற்பது நிமிடம். சில பேர் இழுத்து இழுத்து வாசிப்பார்கள், அவர்களுக்கு 1.25 பொருந்தும். ஆனால் கையில் வேலை இருக்கும்போது 1.5 வைத்தால் நகைச்சுவைக்குச் சிரிப்பதற்குள் அடுத்த ஆள் பேசிவிடுவார். கதை முடிக்க வேண்டிய பாடமா என்ன?

"நடுவுல யாராச்சும் கூப்பிட்டு, கொஞ்சம் விட்டுப்போச்சுன்னா?"

பெரும்பாலான ஆப்களில் 10, 15 அல்லது 30 விநாடி பின்னால் போகிற பொத்தான் இருக்கும். இப்போது யார் பேசுகிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று சொல்ல முடிந்தால் பின்னால் போகாதீர்கள். கதையே உங்களைச் சேர்த்துக்கொள்ளும். தொடராக வந்த கதைகளில் முக்கியமானதை இன்னொரு தடவை யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். இரண்டுக்கும் பதில் தெரியவில்லை என்றால் அத்தியாயத் தொடக்கத்துக்குப் போங்கள். ஒரே இடத்துக்கு மூன்று தடவை பின்னால் போயிருந்தால், வேலையும் கதையும் பொருந்தவில்லை. மேலே வேலை வகை சொன்ன பதிலைப் பாருங்கள்.

"காசில்லாம கிடைக்குமா? நெட்டு தீர்ந்துபோகுமே?"

யூடியூபில் நிறைய இருக்கிறது. ஆனால் காசு கட்டாமல் கேட்டால் திரையை அணைத்ததும் பெரும்பாலும் நின்றுவிடும், விளம்பரமும் நடுவில் குதிக்கும். மாவுக் கையோடு ஓட வேண்டும். லிப்ரிவாக்ஸ் என்று 2005இல் தொடங்கின தன்னார்வலர் திட்டம் ஒன்று உண்டு. பதிப்புரிமை முடிந்த நூல்களை வாசித்து இலவசமாகப் போடுகிறார்கள். ஆங்கிலத்தில் கடல்போல இருக்கும், தமிழில் கொஞ்சம். கூகூ எஃப்எம், பாக்கெட் எஃப்எம் மாதிரி ஆப்களில் தமிழ்க் கதைகள் ஏராளம். சேரும்போது மாதம் எவ்வளவு, தானாகப் புதுப்பிக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்காமல் விட்டு, ஒரு ஆப்புக்கு மூன்று மாதம் சும்மா கட்டியிருக்கிறேன்.

நெட் பயம் தேவையில்லை. வெறும் ஒலி என்றால் 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பிக்குள் அடங்கும். வீடியோவாக ஓடவிட்டால்தான் தின்னும். டவுன்லோடு செய்துகொண்டால் உசிலம்பட்டி பஸ்ஸில் டவர் போனாலும் கதை நிற்காது.

"புத்தகத்தைப் போனே படிச்சுக் காட்டுமாமே?"

காட்டும். நம் ஊர்ப் பெயரிலேயே மதுரைத் திட்டம் என்று ஒன்று 1998 பொங்கலில் இருந்து இணையத்தில் இருக்கிறது. சங்க இலக்கியம் முதல் நாவல்வரை எழுத்து வடிவில் இலவசமாகக் கிடைக்கும். அதைப் போனில் திறந்து, உரக்க வாசிக்கிற வசதியைப் போட்டால் ஒரு இயந்திரக் குரல் வாசிக்கும்.

ஆசையாக, மதுரை ஜில்லாச் சிறுகுளத்தில் ஆரம்பிக்கிற கமலாம்பாள் சரித்திரத்தைப் போட்டேன். 1890களில் ராஜம் ஐயர் எழுதியது. அந்தக் காலத்து வாக்கியம் ரயில் மாதிரி நீளம். இயந்திரம் எங்கே மூச்சு விடுவது என்று தெரியாமல் ஓடியது. கிண்டல் செய்கிற இடத்தையும் சாவுச் செய்தி மாதிரி வாசித்தது. சின்ன வாக்கியத்தில் எழுதின இந்தக் காலத்துக் கதைக்குப் பரவாயில்லை. மற்றபடி கண் தெரியாதவர்களுக்கு இது பெரிய உதவி, எனக்குக் கடைசி வழி.

"கிரைண்டர் சத்தத்துல ஒண்ணும் கேட்கல. முழு வால்யூம் வச்சுக்கிறேன், தப்பா?"

தப்புத்தான். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற கணக்கு: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்வரை சரி. 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு நாலே மணி நேரம். கிரைண்டர் ஓடும்போது கதையை நிறுத்துங்கள், அல்லது அடுத்த அறைக்குப் போய்ப் பூண்டு உரியுங்கள். காதை நன்றாக அடைக்கிற ரப்பர் முனை இயர்போன் குறைந்த சத்தத்திலேயே கேட்கும். ஆனால் அடுப்பில் பால் இருக்கும்போது இரண்டு காதையும் அடைக்காதீர்கள்.

"வண்டில போறப்ப கேட்கலாமா?"

ஓட்டுகிறவர் கேட்கக் கூடாது, ஒரு காதில்கூட. கோரிப்பாளையத்தில் யார் எந்தப் பக்கம் இருந்து வருவார்கள் என்று கண்ணும் காதும் சேர்ந்து பார்த்தாலே தெரியாது. பஸ்ஸில் உட்கார்ந்து போனால் கேளுங்கள். இறங்குகிற ஊரை மட்டும் கண்டக்டரிடம் சொல்லி வையுங்கள்.

"வீட்ல எல்லாரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கர்ல போடலாமா?"

போடலாம். முதலில் நீங்கள் தனியாக ஒரு தடவை கேட்டுவிடுங்கள். சில கதைகளில் எந்த இடத்தில் என்ன வரும் என்று சொல்ல முடியாது, மாமனார் முன்னால் நெளிய வேண்டியிருக்கும்.

எங்கள் வீட்டு அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. காது மட்டும் பாம்புச் செவி. ஒருநாள் ஒரு சொத்துத் தகராறுக் கதை ஓடுகிறது, அப்பத்தா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று உலக்கையை நிறுத்தி, "அந்தப் பய பொய் சொல்றான், பத்திரம் அவன்கிட்டதான் இருக்கு" என்றது. நான் நம்பவில்லை. எட்டு அத்தியாயம் கழித்துப் பத்திரம் அவன் பெட்டியில்தான் இருந்தது. இப்போது கதையை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதையும் அப்பத்தாதான் முடிவு செய்கிறது.

"நம்ம ஊர்ப் பேச்சுல எழுதின கதை காதுக்கு எளிசா, கஷ்டமா?"

படிக்கத் தடுக்குகிற வட்டார வழக்கு, காதில் விழுந்தால் சட்டென்று புரியும். 'அங்கிட்டு', 'வெள்ளன' எல்லாம் பக்கத்து வீட்டுக் குரல்தானே. ஆனால் வாசிக்கிறவருக்கும் அந்தப் பேச்சு வர வேண்டும். வராதவர் அதையே செய்தி வாசிப்பது போல வாசித்தால், ஊரில் யாருமே பேசாத ஒரு தமிழாகிவிடும். குரல் பற்றிச் சொன்ன ஐந்து நிமிடப் பரிசோதனை இங்கே கட்டாயம்.

"நல்ல கதையை வாட்ஸ்அப்ல எல்லாருக்கும் அனுப்பலாமா? நாட்டுடைமைன்னீங்களே?"

நாட்டுடைமை என்பது எழுத்துக்கு. வாசித்துப் பதிவு செய்தவருக்கு அந்தப் பதிவின் மேல் தனி உரிமை உண்டு. லிங்க்கை அனுப்புங்கள், ஃபைலை அனுப்பாதீர்கள்.

"காதால கேட்டதைப் 'படிச்சேன்'னு சொல்லிக்கலாமா?"

என் மகள் ஒத்துக்கொள்ள மாட்டாள். எனக்குக் கதை தெரியும், எழுத்துத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாவலில் வருகிற வல்லி என்ற பெண்ணோடு ஒரு மாதம் வாழ்ந்தேன். பிறகு புது நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனபோது அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் அவள் பெயர் வள்ளி. வாசித்தவர் நாக்கில் ள வரவில்லை, அவ்வளவுதான். எனக்கு அவள் இன்னமும் வல்லிதான்.

"கதை ரொம்ப நல்லாருந்து வேலை நின்னுபோச்சுன்னா?"

அது வேலைக்கான கதை இல்லை. அப்படிப்பட்டவற்றைத் தனியாக எழுதி வைத்து, ராத்திரி மொட்டை மாடியில் கேட்கிறேன். தூக்கம் வருமென்றால் ஆப்பில் ஸ்லீப் டைமரை இருபது நிமிடத்துக்கு வையுங்கள். இல்லாவிட்டால் காலையில் எழும்போது கதாநாயகனுக்குக் கல்யாணமே முடிந்திருக்கும்.

"எல்லாம் சரிக்கா, நீங்க இப்ப எதைக் கேட்டுக்கிட்டு இருக்கீங்க?"

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம். நாற்பத்திரண்டு ரவிக்கை நிலுவை, அதில் ஒன்பது பேர் போனில் படம் காட்டி நான் தைத்தே பார்க்காத கழுத்து கேட்டிருக்கிறார்கள். அதனால் சாம்புவை மூன்றாம் தடவையாகப் போட்டிருக்கிறேன்.